பெரியப்பாவைப் பாதிவழியில் இருத்திவிட்டு வந்தேன்

பிள்ளை, நேற்று நீ அனுப்பிய செய்தியில் ஒரேயொரு வரிதான் இருந்தது. கலியாணத்துக்கு முதல் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேள் அம்மா. டெனிஷில் எழுதியிருந்தாய். டெனிஷில் அது மிகச் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. பஸ்ஸில் ஒருவருடைய காலை மிதித்தாலும் இந்த நாட்டில் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். நான் தமிழில் பதில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எடுக்கட்டும். டெனிஷில் எனக்குக் கோபப்பட வராது. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்து படித்த டெனிஷ் அது. யாரைக் கண்டாலும் தலையணையைச் சரிசெய்துவிடத்தான் பார்க்கும். இந்தக் கடிதத்தில் யாருக்கும் தலையணை சரிசெய்கிற எண்ணம் எனக்கு இல்லை.

உன்னை இழுத்தடிக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். மணவறையில் உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்கிற இடத்தைப் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, முன்வரிசையில் ஒரு பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். கைம்பெண் மணவறை ஏறக்கூடாது என்று ஐயர் சொன்னார், சொந்தக்காரர் சொன்னார்கள், கடைசியில் நீயும் "வெறும் அரை மணித்தியாலம்தானே அம்மா" என்று சொன்னாய். மாப்பிள்ளையின் தாய் பிர்கித்த என்ன செய்கிறாள்? இரண்டு கலியாணம் முறித்தவள். இப்போது ஹென்னிங்கோடு இருக்கிறாள், அவரையும் கட்டவில்லை. அவளும் ஹென்னிங்கும் மாலை போட்டுக்கொண்டு மணவறையில் நிற்பதற்கு ஐயருக்கு ஒரு தடையும் இல்லை. "அவை டெனிஷ்காரர், அவைக்குப் பரவாயில்லை" என்றாராம். பிர்கித்த மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல மனுசி. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நம்முடைய சட்டங்கள் எல்லாம் நம்முடைய பெண்களின் தலையில் மட்டும்தான் விழுகின்றன. மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன.

இனி, நீ கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். கிரேக்கப் பயணம் உன்னுடைய யோசனை. உனக்கும் உன் மாப்பிள்ளை மிக்கேலுக்கும் நடப்பதென்றால் பைத்தியம். சில்க்போர்க் பக்கத்தில் ஒரு மேட்டுக்கு வானமலை என்று பெயர் வைத்திருக்கிற சனத்துக்குள் பிறந்த பிள்ளை அவன், மலைக்கு ஏங்குவது எனக்கு விளங்குகிறது. உனக்கு அது எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. லீவு எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குகிற பழக்கம் நம் பக்கத்தில் இல்லை. தவறி விழுந்தால்தான் நாம் பள்ளத்துக்குள் போவோம். ஆனாலும் நீ கூப்பிட்டபோது வந்தேன். வீகோஸ் என்கிற அந்தப் பெரிய மலைப்பிளவின் அடியில் ஒரு நீரூற்று இருக்கிறது, அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று மோதிரம் மாற்றப்போகிறோம், நான்கைந்து பேர் போதும் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு, மோதிரத்தைப் பெரியப்பாதான் எடுத்துத் தரவேண்டும், அவர்தானே எனக்கு அப்பா இடத்தில் என்று சொன்னாய். அதை நீ என்னிடம் கேட்கவில்லை, சொன்னாய். பெரியம்மா முழங்கால் ஒப்பரேஷன் செய்திருந்ததால் வரவில்லை. பெரியப்பா தனியாக வந்தார். மோதிரம் இருந்த அந்தச் சிவப்புப் பெட்டியை விமானத்திலும் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல், அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் மாலை, நாம் தங்கியிருந்த கல்வீட்டின் முற்றத்தில் மிக்கேல் தொலைபேசியில் படம் காட்டி விளங்கப்படுத்தினான். நீங்கள் இருவரும் விடிய வெளிக்கிட்டு, மறுபக்கத்து ஊரிலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கு முழுவதையும் ஆற்றுப் படுக்கை வழியே நடந்து வருவீர்கள். பெரியவர்கள் காரில் இந்தப் பக்கத்து ஊருக்குப் போய், கல் பாவிய பாதையால் நேரே ஊற்றுக்கு இறங்க வேண்டும். "முதல் பாதிதான் கஷ்டம், வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். கடைசி வளைவைத் தாண்டினால் மரநிழல், லேசான பாதை, பெரியப்பாவும் சுகமாக நடப்பார்" என்று டெனிஷில் எனக்குச் சொன்னான். நான் தலையாட்டினேன். அதனால்தான் இப்போது அவனுக்குக் குழப்பம். லேசான இடம் தொடங்குகிற வளைவில் பெரியப்பா ஏன் உட்கார்ந்துவிட்டார் என்று அவன் உன்னைக் கேட்டிருக்கிறான். நீ பெரியப்பாவைக் கேட்டிருக்கிறாய். இனித்தான் ஆபத்து என்று அம்மா சொன்னவ என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. நான்தான் சொன்னேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பிர்கித்த இரண்டு கைத்தடிகளையும் ஊன்றிக்கொண்டு விறுவிறென்று முன்னால் போய்விட்டாள். நானும் பெரியப்பாவும் பின்னால். அந்த இடத்தை நீ கீழேயிருந்து பார்த்தாய், நாங்கள் மேலேயிருந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பாறை சுவராக எழுந்து நிற்கிறது. அடியில் மரங்கள் கீரைப்பாத்தி போலச் சின்னதாகத் தெரிகின்றன. நம்முடைய சத்தமே சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. பெரியப்பா ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் நன்றாகத்தான் நடந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசி வளைவில் ஒரு பெரிய மரமும், இருக்கத் தோதாக ஒரு கல்லும் இருந்தன. கீழேயிருந்து இரண்டு ஒல்லாந்துப் பெண்பிள்ளைகள் ஏறி வந்தார்கள். எங்களைக் கண்டு சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கதைத்தார்கள். வந்து சேர்ந்துவிட்டீர்கள், கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது, இனி நிழலும் தட்டையான பாதையும்தான், தண்ணீர் அவ்வளவு வடிவு என்றார்கள். பெரியப்பாவின் ஆங்கிலம் ஊரோடு நின்றுவிட்டது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். இதே போலத்தான் கேட்டேன், ஒன்றும் விளங்காத ஒருத்தி, விளங்கிய ஒருவரை நம்பிக் கேட்கிற மாதிரி. அது உன் அப்பாவின் செத்தவீட்டு நாள். நீ அப்போது பள்ளிக்கூடம் தொடங்கவில்லை. அந்தக் கதையை நீ கேட்ட விதத்தில் அல்லாமல், நடந்த விதத்தில் இப்போது உனக்குச் சொல்லப் போகிறேன்.

அப்பா வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் தம்பியைப் பார்த்தது பெரியப்பா. நான் வரப்போகிறேன் என்று வெளிக்கிட்டபோது, இப்போது வேண்டாம், பெட்டிக்குள் வைத்து உடுப்பு மாற்றிய பிறகு எல்லோருமாகப் பார்க்கலாம் என்றார். எனக்கு அப்போது டெனிஷ் தெரியாது. கடையில் பாலைத் தொட்டுக்காட்டி வாங்குகிற அளவுக்குத்தான். பெரியப்பா நமக்கு முதலே வந்தவர், தொழிற்சாலையில் வேலை, குடும்பத்துக்கே அவர்தான் வாய். இஷொயில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்துக்குக் கீழே கறுத்த கார் வந்து நின்றது. மரணச் சடங்குகளை ஒழுங்கு செய்கிற டெனிஷ்காரர், கறுத்த கோட்டுப் போட்ட உயரமான மனிதர், காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மெதுவாக, தலையைக் கொஞ்சம் குனிந்து சொன்னார். உன்னையும் பார்த்து ஒரு சொல் சொன்னார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைக் கேட்டேன், "என்னவாம்?" என்று.

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையை நான் துக்கம் என்று நினைத்தேன். "பொம்பிளையளையும் பிள்ளையளையும் உள்ளுக்கு விடமாட்டினமாம். எரிக்கிற இடத்திலை அப்பிடித்தானாம், இந்த நாட்டுச் சட்டமாம். நீர் மேலை போம், நான் எல்லாம் பாக்கிறன்" என்றார். நான் போனேன். சட்டம் என்று சொன்னால் போகத்தானே வேண்டும். படியேறும்போது நீ, அப்பாவைப் பார்க்கிறதில்லையா என்று கேட்டாய். கீழ்வீட்டு டெனிஷ்காரி கேஸ்டின் கையில் பூக்களோடு தன் காரில் ஏறுவதை யன்னலால் கண்டேன். அவளும் பெண்தானே என்று எனக்கு உறைக்கவில்லை. பூவைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, செத்தவீட்டுக்குப் பிறகு செய்கிற மாதிரி, வீட்டைக் கழுவத் தொடங்கினேன். இரண்டாம் மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் அது கீழ்வீட்டுக்காரியின் முகட்டால் ஒழுகும் என்ற யோசனைகூட எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

பின்னேரம் பெரியப்பா வந்தார். வாசலில் நின்றபடியே நான் கேட்டேன், "அவரின்ரை முகம் எப்பிடி இருந்தது?" என்று. எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நோவோடு போனாரா, இல்லையா, அதை யாராவது பார்த்துச் சொன்னால் போதும் என்றிருந்தது. "அதெல்லாம் கேக்கப்படாது. முதல்லை வாசல்லை தண்ணி வையும், கால் கழுவோணும்" என்றார். தண்ணீர் வைத்தேன். கழுவினார். அவ்வளவுதான் அப்பாவின் கடைசி நாளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு நீ கேட்ட போதெல்லாம், டெனிஷ்காரர் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்று உனக்கு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய பொய்யை என் வாயால் உனக்கு ஊட்டினேன், அது பொய் என்று தெரியாமலே.

எனக்கு அது தெரிய வந்தது உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது. மொழிப் பாடசாலைக்குப் போய், பராமரிப்பு வேலைக்கும் சேர்ந்து, என் டெனிஷ் நடக்கப் பழகியிருந்த காலம். கட்டடத்தின் அடியில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறை இருந்ததே, அங்கே கேஸ்டினும் நானும் ஒரு படுக்கைவிரிப்பை இரண்டு பக்கமும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். "அன்றைக்கு உன்னால் உள்ளே வர முடியாமல் போனதை நினைத்து எனக்கு எப்போதும் கவலை" என்றாள். சட்டம்தானே என்றேன் நான். எந்தச் சட்டம் என்று கேட்டாள். முன்வரிசையில் எனக்கும் உனக்கும் இரண்டு கதிரை போட்டு வைத்திருந்தார்களாம். அந்தக் கறுத்த கோட்டு மனிதர் பெட்டியை மூடுவதற்கு முதல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், கடைசி நிமிஷத்தில் மனம் மாறி வந்துவிடுவாளோ என்று. வரப் பயப்படுகிறாள் என்று பெரியப்பா அவருக்குச் சொல்லியிருந்தார். என்னிடம் அவர்கள் விடமாட்டார்கள் என்றும், அவர்களிடம் நான் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு, நடுவில் நின்றிருக்கிறார். நான் கேஸ்டினை மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். விரிப்பை மடித்து முடித்தோம்.

அன்றே போய்க் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். உன்னைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கும் பாட்டு வகுப்புக்கும் காரில் கூட்டிப் போனது யார்? கமூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் எனக்காகக் கதைத்தது யார்? உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது, நீ காய்ச்சலாய்க் கிடந்தபோது பனியில் வந்து நின்றது, எல்லாம் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. நல்லவர்தான். அவர் செய்த ஒவ்வொரு நன்மையும் என் வாயில் ஒரு பூட்டைப் போட்டது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய காரில் முன்சீட்டில் இருந்துகொண்டு, இஷொயிலிருந்து டோஸ்ட்ருப்பில் உன் வகுப்பு வரை, பேசாமல் எத்தனையோ சனிக்கிழமை வந்திருக்கிறேன். "தங்கச்சி இண்டைக்கு ஒண்டும் கதைக்கிறாவில்லை" என்பார். உனக்குப் பாட்டு வகுப்பு, எனக்கு அந்தக் கோபம். கோபத்தை வைத்திருப்பதும் ஒரு வேலைதான் பிள்ளை, ஒருநாளும் லீவு இல்லாத வேலை. நான் அதைக் கவனமாகச் செய்தேன்.

வழக்கத்தைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வந்திருக்காது. நம்முடைய பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, நீயும் வரக்கூடாது என்று நேரே சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், இல்லாவிட்டால் அவரைத் தள்ளிவிட்டு அந்தக் காரில் ஏறியிருப்பேன். அவருக்கு அது தெரியும். அதனால்தான் அந்தக் கறுத்த கோட்டு மனிதரின் வாயை எடுத்து அதற்குள் தன் சொல்லை வைத்தார். ஆகவே உன் கலியாணத்துக்கு என்னுடைய புத்திமதி இது ஒன்றுதான். உன் வாயை யாரிடமும் கொடுக்காதே. மிக்கேலிடமும் கொடுக்காதே, அவன் உன்னைவிட வடிவாய்க் கதைக்கிறான் என்றாலும். என்னிடமும் கொடுக்காதே. இரண்டு பேருக்கு நடுவில் நின்று கதை கொண்டுபோகிற ஆளின் கையில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நீயே சின்ன வயதில் அதைச் செய்து பார்த்தவள்தானே. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் இந்தப் பிள்ளை வகுப்பில் வாயே மூடுவதில்லை என்று முறைப்பாடு சொல்ல, நீ என்னிடம் திரும்பி, நான் நல்லாய்க் கதைக்கிறேனாம் என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாய். அப்போது எனக்கு அவ்வளவு டெனிஷ் விளங்கும் என்பது உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்வரை நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

சரி, மலைக்குத் திரும்புகிறேன். "என்னவாம்?" என்று பெரியப்பா கேட்டார். நான் திட்டம் போட்டு வரவில்லை, அதை நீ நம்பினால் நம்பு. ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததும், எனக்குள் இவ்வளவு காலமும் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து நின்றது. நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இனித்தான் சரியான ஆபத்தாம் அத்தான். கல்லெல்லாம் கழண்டு கிடக்காம். வயசு போன ஆக்களை இறங்க விடுறேல்லையாம், இங்கத்தைச் சட்டமாம்" என்றேன். அவர் பாதையை எட்டிப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. "மெல்ல மெல்ல வந்தால் என்ன?" என்றார். "பிள்ளையின்ரை நல்ல நாளிலை விழுந்து கிழுந்து போனால்?" என்றேன். அது வேலை செய்தது. கல்லில் இருந்தார். நான் கையை நீட்டினேன். "மோதிரத்தைத் தாங்கோ, நான் குடுக்கிறன்." சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தந்தார். பிறகு இன்னும் உள்ளே கைவிட்டு, ஒரு கடதாசி மடிப்பில் திருநீறு எடுத்தார். "பிள்ளைக்குப் பூசிவிடும், நான் தந்ததெண்டு சொல்லும்" என்றார். ஓம் என்றேன். தண்ணீர்ப் போத்தலை அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். வெயில் படாத இடம்தான். நான் கொலைகாரி இல்லை.

அந்தத் திருநீறு உனக்குப் பூசப்படவில்லை. என் ஜக்கற்றின் பையிலேயே கிடந்து, வீட்டுக்கு வந்தபின் மிசினில் தோய்ந்து போனது. கீழே நான் வந்து சேர்ந்தபோது நீ ஆற்றுப் படுக்கையின் வெள்ளைக் கற்களில் தாவிக்கொண்டு ஓடி வந்து, பெரியப்பா எங்கே என்றாய். களைத்துப்போனார், தானே இருக்கிறேன் என்றார் என்று சொன்னேன். உன் முகம் வாடியது, நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். அந்தத் தண்ணீர் அவ்வளவு நீலமாக, பாறைக்கு அடியிலிருந்து சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. பிர்கித்த காலை விட்டுக் குளிரில் கத்தினாள், பிறகு சத்தமாக அழுதாள். நீ மிக்கேலுக்கு மோதிரம் போடும்போது விரலை மாற்றிப் பிடித்து, டெனிஷிலும் தமிழிலுமாக ஏதோ சொன்னாய். என் பிள்ளையின் நல்ல நாளில் நான் உரிய இடத்தில் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அவர் மேலே தனியே இருக்கிறார் என்ற நினைப்பு அந்தச் சந்தோஷத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. உனக்கு இதை வாசிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஏறி வரும்போது நீங்கள் மூன்று பேரும் பிந்தி வந்தீர்கள். நான் முதலில் வளைவுக்கு வந்தேன். பெரியப்பா எழுந்து நின்றார். "பிள்ளை அழுதவளோ? என்ன சொன்னவள்?" என்று கேட்டார். பின்னால் வருகிற உங்களைக் காணும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை, என் வாயிலிருந்து உடனே கேட்கவேண்டும் போலிருந்தது. நான் சொன்னேன், "அதெல்லாம் கேக்கப்படாது அத்தான்." அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பாதையைப் பார்த்தார். அதில் ஒரு கிழவரும் கிழவியும் கையைக் கோத்துக்கொண்டு, சர்வசாதாரணமாகக் கீழிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலே ஏறத் தொடங்கினார். நீ பிறகு படங்களைக் காட்டினாய், அவரும் பார்த்து நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்றார். அன்று இரவு நான் அசந்து நித்திரை கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். உனக்கு இது தெரியாது. சொல்லாமல், பஸ்ஸில், தனியே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. குசினி மேசையில் இருந்தார். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

"நான் மணவறையிலை நிக்கேல்லை. ஐயரோடையும் கதைச்சிட்டன். நீங்களே நில்லுங்கோ" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை நீங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு ஆர் தந்த இடம் அது, இப்ப எனக்கு விட்டுத் தர?" என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. நான் பறிக்க இருந்ததை அவரே எடுத்து நீட்டுகிறார், அதையும் தானே ஐயரிடம் கேட்டு அனுமதி வாங்கி.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு அந்த மனிசன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"கேஸ்டின் சொன்னவ. பிள்ளை அப்ப ரெண்டாம் வகுப்புக்கும் போகேல்லை."

அவர் மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப அதுக்குப் பிறகும் என்ரை காரிலை வந்தனீங்கள்?"

"ஓம். எங்களிட்டை வேறை கார் இருக்கேல்லை."

தண்ணீர் கொதித்து நின்றது. அவர் சொன்னார், "எங்கடை அம்மாவும் அப்புவின்ரை செத்தவீட்டுக்கு வாசலோடைதான் நிண்டவ. நான் பழக்கத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருக்க மாட்டியள். நீங்கள் வந்து அவன்ரை பெட்டியிலை விழுந்து அழுதால் நானும் விழுந்துபோவன் எண்டு எனக்குப் பயம். எனக்கு அவன் தம்பியெல்லோ. அண்டைக்கு நான் நிண்டு எல்லாம் செய்யோணும்." அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருந்தால் எனக்கு என்ன? அவர் விழாமல் நிற்பதற்காக என்னையும் உன்னையும் மாடிக்கு அனுப்பினார். அவர் நின்றார். நாங்கள் இன்னும் படியில்தான் நிற்கிறோம்.

பிறகுதான் அதைக் கேட்டார். "அவன்ரை முகம் எப்பிடி இருந்ததெண்டு சொல்லட்டே? நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு நாளும் மறக்கேல்லை."

பிள்ளை, அந்த நேரம் கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்துச் சொச்சம் வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரேயொரு விஷயம், ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடித்தால் அவருக்கு மனம் லேசாகும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று பஸ் ஏறுவார். நான் சொன்னேன், "வேண்டாம்."

"நீங்கள் கேட்டனீங்கள்தானே."

"அண்டைக்குக் கேட்டன். இண்டைக்குக் கேக்கேல்லை."

தேத்தண்ணி குடிக்காமல் போனார். யன்னலால் பார்த்தேன், பஸ் தரிப்பில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். வயது போய்விட்டது அவருக்கு. நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து கூட்டியிருக்கிறார்கள் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னா. அதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தாரைவார்க்கும்போது உன் கைக்குக் கீழே என் கை இருக்கும். ஐயர் பிறகு மனம் மாறி மறுத்தால் வேறு ஐயரைப் பார். அதுவும் சரிவராவிட்டால் மந்திரம் இல்லாமலே கட்டு, டெனிஷ்காரி ஆவதற்கு உனக்கு அது ஒன்றுதான் குறை. பெரியப்பா வரட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், உனக்கு ஆசீர்வாதம் செய்யட்டும், அதை நான் மறிக்கமாட்டேன். அவரை விரும்பாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மன்னிப்பு மட்டும் என்னிடம் கேட்காதே. அது என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. இந்தக் கிழமைக்குள் நீ இஷொய்க்கு, பெரியப்பா வீட்டுக்குப் போ. தனியே போ, மிக்கேலைக் கூட்டிப் போகாதே. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று கேள். உன் தமிழ் போதும். அவர் சொல்லுவார், சொல்லக் காத்திருக்கிறார். அது உன்னுடைய அப்பாவின் முகம், உனக்காகவும் ஒரு கதிரை அங்கே இருந்தது, என் கோபத்துக்காக அதை நீயும் இழக்கத் தேவையில்லை. முழுவதையும் கேள், அழ வேண்டுமென்றால் அங்கேயே அவரோடு இருந்து அழு. ஆனால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

அம்மா